மூன்று வளைவில் வந்துவிடும் போளூர்

கேள்வி கேட்டபின் குழந்தையின் பதிலுக்காகப் பத்து வினாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் பதிவேட்டில் 'பதில் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த செயல்பாட்டுக்குச் செல்ல வேண்டும்.

நம் பயிற்சிக் கையேட்டின் விதி இது. ஜவ்வாது மலைக்குச் சிறப்பாசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். நானும் செய்தேன். என் பணிக்காலம் முழுக்க இதை மீறியதில்லை. விதியை மீற வேண்டுமென்றால் அதைச் சரியாகப் படிக்காமல் இருக்க வேண்டும். எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நாடகம் வழியாகப் பழகச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று உங்களில் இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். எப்படி என்பது கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒரு பேருந்துப் பயணத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஜமுனாமரத்தூரில் எங்கள் மையம் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. நாடகம் என்றதும் மேடை, திரை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டிரண்டாகப் போட்ட எட்டு நாற்காலி, ஒரு விசில், இறங்கும் படிக்கட்டுக்காக இரண்டு செங்கல். அவ்வளவுதான் பேருந்து. யார் முதலில் பேசுவது, எப்போது கையை நீட்டுவது, எப்போது உட்காருவது என்பதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தராமலே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அது அப்படி வருவதில்லை. நாடகத்தில் அதையெல்லாம் துண்டு துண்டாக வெளியே எடுத்து வைக்கலாம். பார்க்கலாம், தொடலாம், பயமில்லாமல் பத்து முறை செய்து பார்க்கலாம்.

நான்தான் நடத்துநர். வசனமும் நானே எழுதினேன். அறையின் பின்பக்கத்திலிருந்து விசில் ஊதிக்கொண்டு வருவேன். "வணக்கம். தாங்கள் எங்கே செல்ல வேண்டும்?" என்பேன். பிள்ளை, போளூர் பேருந்து நிலையத்தின் படத்தைக் காட்டும். "இதோ தங்கள் பயணச்சீட்டு. அமருங்கள்" என்று, பழைய சுற்றறிக்கையைக் கிழித்துச் செய்த சீட்டைக் கொடுப்பேன். மற்ற பிள்ளைகளும் அம்மாக்களும் சேர்ந்து "பயணம் இனிதாகட்டும்" என்பார்கள். பிறகு எல்லோரும் ஒரு முறை இடப்பக்கம் சாய்வோம், ஒரு முறை வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். மலைப்பாதையின் மூன்று வளைவு. "போளூர் வந்துவிட்டது" என்று நான் சொன்னதும் செங்கல் மேல் கால் வைத்து இறங்க வேண்டும்.

தமிழ் முதுகலை படித்தவள் எழுதிய வசனம். எந்த நடத்துநராவது இப்படிப் பேசுவாரா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

சந்தியாவுக்கு அப்போது எட்டு வயது. அவள் பேசாத பிள்ளை என்று கோப்பில் எழுதியிருந்தது. அது தவறு. தனியாக இருக்கும்போது ஜன்னல் கம்பியிடம் மெதுவாகப் பேசுவாள். யாருக்கும் பதில் சொல்லமாட்டாள், அவ்வளவுதான். அவளுடைய அம்மா அஞ்சலை, சாமைக் காட்டில் கூலிக்குப் போகிறவள். மையத்தில் சேர்ப்பதற்கு முன் அஞ்சலை காட்டுக்குப் போகும் நாளெல்லாம் சந்தியாவை உள்ளே வைத்து வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பெண் காட்டுக்குள் ஓடிவிடுவாள் என்ற பயம். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை போளூரில் மதிப்பீட்டு முகாம் நடக்கும். தொடர்ந்து இரண்டு முறை வராத குழந்தையின் பெயர் மையத்திலிருந்து நீக்கப்பட்டு, வீட்டுவழிப் பயிற்சிப் பட்டியலுக்குப் போய்விடும். முந்தைய வருடம் சந்தியா பேருந்தின் படியில் கால் வைத்ததும் அலறி, அம்மாவின் கையைக் கடித்துவிட்டு ஓடிவிட்டாள். அது ஒரு முறை. இந்த வருடமும் போகாவிட்டால் இரண்டு.

"வூட்டுக்கே வந்து சொல்லித் தருவாங்கன்றது நல்லதுதான் டீச்சர். வாரத்துல ஒரு நாள் வருவாங்க. மிச்ச நாளு?" என்றாள் அஞ்சலை. "மறுபடியும் தாழ்ப்பாதான்."

ஆகவே ஜூன் மாதத்திலிருந்து பேருந்து நாடகம் போட்டோம். சந்தியா முதலில் மூலையில் நின்று பார்த்தாள். ஆகஸ்டில் ஒரு நாற்காலியைத் தொட்டாள். அக்டோபர் முடிவதற்குள் முழு நாடகத்தையும் ஒரு பிசகில்லாமல் நடித்தாள். படத்தைக் காட்டினாள், சீட்டை வாங்கினாள், உட்கார்ந்தாள், சாய்ந்தாள், இறங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உண்மையான பேருந்தில் ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தைகளை வளாகத்துக்கு வெளியே அழைத்துச் செல்ல முன் அனுமதி வேண்டும். ஜூலையிலேயே மேலதிகாரிக்கு மூன்று இணைப்புகளுடன் கடிதம் எழுதினேன். பிறகு நினைவூட்டுக் கடிதம். பிறகு நினைவூட்டலை நினைவூட்டி ஒரு கடிதம். பதில் இன்றுவரை வரவில்லை. இனி வந்தால் தயவுசெய்து என் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெண்ணும் பேருந்தில் போகும்போது, பக்கத்து இருக்கையில் நான் தற்செயலாக உட்கார்ந்திருப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. இது எனக்கு மிகவும் பிற்பாடுதான் தோன்றியது. நடைமுறை தெரிந்தவர்களுக்கு வரும் நோய் இது. கவனமாக இருங்கள்.

முகாம் நவம்பரில் வந்தது. காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். பேருந்து நிறுத்தத்தில் நின்றால் எதிரே இருந்த டீக்கடையின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது, கடை தெரியவில்லை. பேருந்தும் சத்தம் முதலில், உருவம் பிறகு என்றுதான் வந்தது. சந்தியா கையில் படத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அலறவில்லை. கடிக்கவில்லை. அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

முன்பக்கத்திலிருந்து நடத்துநர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தாடி, கழுத்தில் கம்பளி மப்ளர். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள்.

"இன்னாம்மா, எந்த ஊரு? சீக்கிரம் சொல்லு, நெறைய பேரு நிக்கிறாங்க."

சந்தியா கையை நீட்டியபடி நின்றாள். அவர் சொன்னது அவளுடைய நாடகத்தில் இல்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லும்வரை அவள் படத்தைக் காட்டமாட்டாள், உட்காரமாட்டாள். அஞ்சலை அவள் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். சந்தியாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும் முனகல். அது எங்கே போய் முடியும் என்று எனக்கும் அஞ்சலைக்கும் தெரியும்.

"புள்ளைய குந்த வையும்மா, பஸ்ஸு ஆடுது, வுழுந்துடப் போவுது" என்றது முன்னாலிருந்து ஒரு குரல். கலசப்பாக்கத்துக்கு விசேஷத்துக்குப் போகிற அம்மாள் ஒருத்தி, பட்டுப்புடவை, மடியில் பலகாரத் தூக்கு. "இன்னா கீது அதுக்கு? காத்து கருப்பு எதுனா பட்டுச்சா?"

முதல் வளைவுக்கு முன் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். "எறக்கி வுட்டுடு பாய். அடுத்த வண்டில வரட்டும்."

அடுத்த வண்டி வந்து போளூர் சேர்வதற்குள் முகாம் முடிந்துவிடும்.

குழந்தை பதற்றமடைந்தால் உடனே அந்தச் சூழலிலிருந்து வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நல்ல விதி. அதைப் பின்பற்றினால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. நான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அஞ்சலை எழவில்லை. என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கினா போச்சு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டவையாகத் தோன்றின. பையிலிருந்து வசனத் தாளை எடுத்தேன். நடத்துநரிடம் நீட்டினேன்.

"ஐயா, இதில் இருக்கிறபடி கேட்டால் உட்கார்ந்துவிடுவாள்."

அவர் தாளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், கீழாகப் பார்த்தார். "தாங்கள் எங்கே செல்ல வேண்டும்... இன்னாங்க டீச்சர் இது, ராஜா வேசமா?"

"நடத்துநர் வேஷம்தான்."

"இருபது வருசமா அந்த வேசம் போடறேன், ஒரு நாளும் இப்படி பேசினது இல்லியே!"

பேருந்து சிரித்தது. நான் சுருக்கமாகச் சொன்னேன்: ஐந்து மாத ஒத்திகை, முகாம், தாழ்ப்பாள். தாழ்ப்பாளைச் சொன்னபோது அவர் சந்தியாவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்து, "வணக்கம். தாங்கள் எங்கே செல்ல வேண்டும்?" என்று படித்தார்.

சந்தியா அசையவில்லை. முனகல் நிற்கவில்லை.

"நீங்க பின்னாடியிலிருந்து வரணும்" என்றேன். "விசில் ஊதிக்கிட்டு."

ஓட்டுநர் திரும்பினார். "ஏ பாய், இது பஸ்ஸா, பள்ளிக்கூடமா?"

"ரெண்டும்தான்யா. நீ வளைவுல ஹாரன் அடி. அது உன் வேசம்."

முன்வாசல் வழியாக இறங்கினார். பனி அவரை விழுங்கிவிட்டது. சில நொடிகள் அவர் இல்லவே இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு விசில். பின்வாசலில் வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளைத் தாடி, மப்ளர், தோல்பை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து மனிதரானது. நிதானமாக நடந்து வந்தார்.

"வணக்கம். தாங்கள் எங்கே செல்ல வேண்டும்?"

முனகல் நின்றது. சந்தியா படத்தைக் காட்டினாள்.

"இதோ தங்கள் பயணச்சீட்டு. அமருங்கள்."

நான் கொடுத்திருந்த சுற்றறிக்கைத் துண்டை அவர் இரண்டு விரலால் கிழித்துத் தந்தார். சந்தியா வாங்கினாள். உட்காரவில்லை. எல்லோருடைய முகத்தையும் சுற்றிப் பார்த்தாள். அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தாள்.

"எல்லோரும் 'பயணம் இனிதாகட்டும்'னு சொல்லணுங்க" என்றேன், வெட்கத்தோடு.

"நல்லா போய்ட்டு வான்றத இப்படி சுத்தி வளைச்சு சொல்லணுமா?" என்றாள் கலசப்பாக்கத்து அம்மாள். ஆனால் முதலில் சொன்னதும் அவள்தான். பிறகு பேருந்து முழுதும் சொன்னது. சந்தியா உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

இடப்பக்கம் வளைந்தபோது ஹாரன் அடித்தது. எல்லோரும் சாய்ந்தோம். வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். நான் கண்ணை மூடி மூச்சுவிட்டேன். கண் திறந்தபோது சந்தியா எழுந்து பின்வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

மூன்று வளைவு முடிந்துவிட்டது. என் நாடகத்தில் போளூர் வந்துவிட்டது. ஓடுகிற பேருந்தின் திறந்த வாசலுக்கும் அவளுக்கும் நடுவே நான்கடி இருந்தது.

நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார். அவளைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றும் தெரியாது. விசிலை எடுத்து ஊதினார்.

"வணக்கம். தாங்கள் எங்கே செல்ல வேண்டும்?"

சந்தியா நின்றாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம் ஓடி மறைந்தது. பிறகு படத்தைக் காட்டினாள். சீட்டு வாங்கினாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். "பயணம் இனிதாகட்டும்" என்றது பேருந்து, இந்த முறை யாரும் கேட்டுக்கொள்ளாமலே.

இப்படித்தான் மலை இறங்கினோம். மூன்று வளைவுக்கு ஒரு முறை நாடகம் முதலிலிருந்து தொடங்கியது. வெளியே மரம் இல்லை, பள்ளம் இல்லை, ஊர் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உலகம் இன்னும் வரையப்படாத மாதிரி வெறும் வெள்ளை. உள்ளே முப்பது பேர் சேர்ந்து சாய்ந்து, சேர்ந்து நிமிர்ந்து, ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு போனோம். கலசப்பாக்கத்து அம்மாள் ஒவ்வொரு சாய்வுக்கும் தூக்கைப் பத்திரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஏதோ ஒரு திருப்பத்தில் புளி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவர் தூங்கிவிட்டார். தூக்கத்திலேயே சாய்ந்தார். பேருந்து எங்கேயும் போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ ஒன்றைக் கவனித்தேன். நடத்துநர், "வணக்கம். தாங்கள் எங்கே போக வேண்டும்?" என்றார். ஒரே ஒரு சொல் மாறியிருந்தது. சந்தியாவின் நெற்றி சுருங்கியது. பிறகு படத்தைக் காட்டினாள். அதற்கடுத்த முறை 'தாங்கள்' போய்விட்டது. அதற்கடுத்து வணக்கம் இல்லாமல் பார்த்தார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தப்பு, தப்பு" என்று தலையில் தட்டிக்கொண்டு வணக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டு தடவை கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்த முறை அவள் விட்டுவிட்டாள்.

அடிவாரத்தில் பனி கலைந்து வயல்கள் தெரிந்தபோது அவர் முன்பக்கத்திலிருந்தே வந்தார். விசில் இல்லை. "இன்னாம்மா, எங்க போனும்?" என்றார்.

சந்தியா படத்தைக் காட்டினாள்.

எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தராததை, இறங்கி வந்த நேரத்துக்குள் அவர் செய்துவிட்டார். நான் ஐந்து மாதம் அவளுக்கு நாடகத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் அந்த நாடகத்திலிருந்து வெளியே வரும் வழியைச் சொல்லிக் கொடுத்தார், ஒரு தடவைக்கு ஒரு சொல்லாக. உங்களுக்கு நான் விட்டுப்போகும் தொழில் ரகசியம் இது ஒன்றுதான். பிள்ளை நாடகத்தைச் சரியாக நடிக்கத் தொடங்கிய நாளில் பெருமைப்பட்டுவிட்டு, மறுநாளே ஒரு சொல்லை மாற்றுங்கள். அவள் கையை இழுத்துக்கொண்டால் தலையில் தட்டிக்கொண்டு பழைய சொல்லுக்குத் திரும்புங்கள். தலையில் தட்டிக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

போளூர் பேருந்து நிலையத்தில் சந்தியா கைநிறையச் சுற்றறிக்கைத் துண்டுகளோடு இறங்கினாள். நடத்துநர் படிக்கட்டில் குனிந்து நின்றார்.

"நான் மறுபடி வந்தா, எங்கூட பஸ்ஸுல வருவியா கண்ணு?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய மப்ளரின் நுனியைப் பார்த்தாள். நான் வழக்கப்படி மனதுக்குள் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. நடத்துநர் எண்ணவில்லை. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகும் குனிந்தபடியே நின்றார். பிறகு, "சரி, அப்பால சொல்லு, அவசரம் இல்ல" என்றுவிட்டு ஏறிக்கொண்டார்.

முகாமில் எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்தான் போய்ச் சேர்ந்தோம். மருத்துவர் கேட்ட எதற்கும் சந்தியா பதில் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது அவருக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோப்பில் கையெழுத்துப் போட்டார். பெயர் மையத்திலேயே இருந்தது. வெளியே வந்த அஞ்சலை குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். முகம் சுத்தமான பிறகும் கழுவினாள்.

மாலையில் பதிவேட்டை நிரப்பினேன். நடத்துநரின் கேள்விக்கு நேரே 'பதில் இல்லை' என்று எழுதினேன். விதிப்படி சரி. அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு அந்த வண்டியில் பல முறை போய்ப் பார்த்தேன். வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

எனக்குக் காவலூரில் வீடு. வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகளின் வெள்ளைக் குவிமாடங்கள் மரங்களுக்கு மேலே தெரியும். அங்கே வேலை பார்ப்பவர்கள், எப்போதோ கிளம்பிய வெளிச்சம் வந்து சேர்வதற்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் பத்து வினாடிக் கணக்கைக் கொண்டுபோகவில்லை.

மையத்தில் பேருந்து நாடகம் தொடர்ந்தது. இப்போது தினம் ஒரு சொல்லை மாற்றினேன். சில நாள் அம்மாக்கள் நடத்துநர் ஆனார்கள். அஞ்சலை நடத்துநரானால் எல்லோரையும் அதட்டுவாள். நான் ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம் இருந்த ஒரு காலை, நானே விசிலை எடுத்தேன். சந்தியா சீட்டு வாங்கினாள், சாய்ந்தாள், செங்கல்லில் இறங்கினாள். வழக்கமாக இறங்கியதும் நேரே ஜன்னலுக்குப் போய்விடுவாள். அன்று போகவில்லை. செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்திருக்கும் ஒருவருடைய கழுத்தளவு உயரத்தில் பார்வையை வைத்தாள். அங்கே யாரும் இல்லை. நான் விசிலோடு நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"வர்றேன் பாய்" என்றாள்.

சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்து, நவம்பர் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். குறித்த பதிவைப் பிறகு திருத்த நம் நடைமுறையில் வழி இல்லை. அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை. பழையதை அடிக்காமல், ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன். பதில் வந்தது: மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.